வெறும் இரைச்சல்தானா? – ரிலேஷன்ஷிப் ஆஃப் கமாண்ட்

கேள்வி – 2024 ஏப்ரல் 13

"அண்ணே, போஸ்ட்-ஹார்ட்கோர்ங்கற முரட்டு ராக் பத்தி இத கேக்காம பேசக்கூடாதுங்காங்க. அட் த டிரைவ்-இன் பேண்டோட ரிலேஷன்ஷிப் ஆஃப் கமாண்ட் ஆல்பம். மூணு தடவை முழுசா கேட்டுட்டேன். ஒரே இரைச்சல். பாட்டுக்கு அர்த்தமும் பிடிபடல. இதுல அப்படி என்ன இருக்கு?"

ஏப்ரல் 14, ராத்திரி 11.20

தம்பி, மூணு தடவையில பிடிக்கலன்னா உன் காதுல கோளாறு இல்ல. எனக்குப் பத்துப் பதினஞ்சு தடவை ஆச்சு. அதுவும் விரும்பிக் கேக்கல. 2004ல ஹாஸ்டல் பக்கத்து ரூம் அண்ணன் ஒருத்தர் ரைட் பண்ணிக் குடுத்த சிடி. மேல பச்சை மார்க்கர்ல "இளையராஜா 80ஸ்"னு எழுதியிருந்துது. உள்ள இருந்தது இது. ஏமாந்த கடுப்புல ஒரு வாரம் தொடல. அப்புறம் ஹாஸ்டல்ல வேற சிடி இல்ல.

டெக்சாஸ்ல எல் பாஸோன்னு ஒரு ஊரு. அந்த ஊர்ப் பயலுவ அஞ்சு பேர். பாட செட்ரிக் பிக்ஸ்லர், கிதார் ஓமர் ரொட்ரிகஸும் ஜிம் வார்டும், பேஸ் பால் ஹினோஹோஸ், டிரம்ஸ் டோனி ஹஜ்ஜார். மூணாவது முழு ஆல்பம், பத்துப் பாட்டு, 2000 செப்டம்பர்ல வந்துது. பீஸ்டி பாய்ஸ் நடத்துன கிராண்ட் ராயல் கம்பெனி வெளியீடு. அடுத்த மார்ச்சுல பேண்டே கலைஞ்சிட்டு.

பலம்னா எனக்கு முதல்ல டிரம்ஸ். டோனி ஹஜ்ஜார் அடிக்கும்போது ஆள் ஓடிக்கிட்டே அடிக்க மாதிரி இருக்கும். முதல் பாட்டு ஆர்க்கார்சனல், கிலுகிலுப்பை சத்தம் மாதிரி ஒன்னு கிடந்து உதறிக்கிட்டே இருக்கும், நீ என்னடான்னு எட்டிப் பாக்கும்போது மொத்த கும்பலும் மேல வந்து விழும். ஹெட்போன்ல கேளு. ரெண்டு கிதாரும் ரெண்டு காதுல வேற வேற வேலை பாக்கும். ஒன்னு தாளத்தப் பிடிச்சு நிக்கும், இன்னொன்னு சீமைப்பூனை மாதிரி பிறாண்டும்.

பலவீனம் சத்தம். நீ சொன்ன அதே இரைச்சல்தான். புரொடியூசர் ராஸ் ராபின்சன் எல்லாத்தையும் நசுக்கிட்டாரு. மிச்சம் நாளைக்கு.

ஏப்ரல் 15, காலை

ரெண்டு தப்பு. பாட்டு பத்து இல்ல, பதினொன்னு. ஹாஸ்டல் சிடியில கடைசிப் பாட்டு ஏறல, இருபது வருசமா மனசு பத்துன்னே கணக்கு வச்சிருக்கு.

ரெண்டாவது, பழிய ஆள் மாத்திப் போட்டுட்டேன். ராஸ் ராபின்சன் ஒலிப்பதிவு பண்ணுனவரு. மாலிபு மலைமேல இண்டிகோ ராஞ்ச்னு ஒரு ஸ்டுடியோ, அங்க வச்சு. கோர்ன், லிம்ப் பிஸ்கிட், ஸ்லிப்நாட் பேண்டுக்கெல்லாம் அவருதான். மிக்ஸ் பண்ணுனது, அதாவது பதிஞ்ச குரல், கிதார், டிரம்ஸ் எல்லாத்தையும் ஏத்தி இறக்கி ஒன்னா சேத்தது, ஆண்டி வாலஸ். நிர்வானா பேண்டோட நெவர்மைண்ட் ஆல்பத்த மிக்ஸ் பண்ணுன அதே கை. ரேடியோவுல கேட்டா பளிச்சுன்னு இருக்கணும்னு செஞ்ச வேலை. ஓமரே பின்னால பேட்டியில இந்த மிக்ஸ நெனைச்சு வருத்தப்பட்டிருக்காரு. அதனால இரைச்சல்னு சொல்ல நீ பயப்பட வேண்டாம், பெரிய இடத்துத் துணை உனக்கு இருக்கு.

ஏப்ரல் 18, சாயங்காலம்

நேத்து ஆறு மணியோட தேர்தல் பிரச்சாரம் ஓஞ்சு, மாமா வாடகைக்கு விட்ட குழாய் ஸ்பீக்கர் எல்லாம் ஒருவழியா வீடு வந்து சேந்துது. மாமாவுக்கு ரேடியோ செட்டு தொழில். லீவு நாள்ல வயர் இழுக்கது நான். மே 7 எங்க ஊர் அம்மன் கோயில் கொடைத் திருவிழா, அதுக்கு முன்னாடி ஒவ்வொரு ஸ்பீக்கர் யூனிட்டா செக் பண்ணணும். வழக்கமா ஒரு பிள்ளையார் பாட்டு ஓடவிடுவோம். எனக்கு நாக்குல சனி, செல்போன சொருகி ஆர்க்கார்சனல் போட்டேன்.

முப்பது செகண்டு இருக்கும். அடுக்களையில இருந்து மாமா சாரத்த மடிச்சுக்கட்டிக்கிட்டு ஓடி வந்தாவ. "ஏலே ஆஃப் பண்ணுலே, யூனிட் கிழிஞ்சிட்டு!" எதிர்வீட்டு ஆச்சி முடுக்குக்கே வந்துட்டா, பஸ் எங்கயும் மோதிட்டான்னு கேட்டுக்கிட்டு. யூனிட் கிழியல, பாட்டே அப்படித்தான்னு நான் சொன்னத ரெண்டு பேரும் நம்பல.

ஆனா ஒன்னு பாத்தேன். ஆம்ப்ல, அதான் ஆம்ப்ளிஃபயர்ல, சத்தத்துக்குத் தக்கன ஏறி இறங்கற லைட்டு வரிசை இருக்கு. பச்சை, மஞ்சள், சிவப்பு. இந்தப் பாட்டுக்கு சிவப்புக்கு ஏறுனது இறங்கவே இல்ல. மாமா போன பிறவு சத்தத்தக் கொறைச்சு வச்சு, இதே பேண்டோட 1998 ஆல்பம் இன்/கேசினோ/அவுட்டப் போட்டேன். அது ஸ்டுடியோவுல எல்லாரும் சேந்து நின்னு வாசிச்ச மாதிரியே பிடிச்சது. லைட்டு குதிக்கு, தாழுது, பச்சையில கொஞ்சம் நின்னு மூச்சு விடுது. நான் ஏப்ரல் 14ல இருந்து எழுதினத இந்த லைட்டு அரை நிமிசத்துல சொல்லிட்டு.

நசுக்கிட்டாங்கன்னா என்னன்னு கேட்டிருந்த. இதான். முணுமுணுப்பையும் கத்தலையும் ஒரே உசரத்துக்குத் தூக்கி வச்சிட்டாங்க. கத்தலுக்கு முன்னாடி ஒரு தாழ்வு வேணும். அது இல்லன்னா கத்தலும் மட்டமாத்தான் தெரியும்.

ஏப்ரல் 21

காலையில இருந்து இதே யோசனை. எழுதிட்டாத்தான் போகும்.

வில்லுப்பாட்டுல வலம், இடம்னு உண்டு. நடுவுல வில்லுக்கு முன்னாடி உக்காந்து வீசுகோல் போடுத அண்ணாவி கதைய எடுத்துட்டுப் போவாரு. வலத்துல இருக்கவன் அவருக்குக் கூடப் பாடுவான், இடத்துல இருக்கவன் அத வாங்கித் திருப்பிப் பாடுவான், "ஆமா" போடுவான், சில நேரம் குறுக்க ஒரு கேள்வி போட்டு கதைய தள்ளி விடுவான். இடம் சரியில்லன்னா அண்ணாவி எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் கொடை தூங்கிரும்.

ஜிம் வார்ட் இந்தப் பேண்டுக்கு இடம். செட்ரிக் மூச்சு விடாம கத்திக்கிட்டுப் போகையில, ஒரு வரிய பிடிச்சு நிறுத்தி, நமக்குப் பாடத்தக்க மாதிரி திருப்பிக் குடுக்கது அவருதான். ஒன் ஆர்ம்டு சிசர கேட்டுப் பாரு. அந்தக் குரல எடுத்துட்டா அந்தப் பாட்டு தெருச்சண்டை.

கலைஞ்ச பிறவு செட்ரிக்கும் ஓமரும் மார்ஸ் வோல்ட்டான்னு ஒரு பேண்டுக்குப் போனாங்க. மத்த மூணு பேரும் ஸ்பார்ட்டான்னு இன்னொன்னு. அதாவது ஒரு பக்கம் இடமே இல்லாத வில்லு, இன்னொரு பக்கம் இடம் மட்டும் உக்காந்திருக்க வில்லு. 2012ல சேந்து மேடையேறுனாங்க. 2017ல புது ஆல்பமும் வந்துது, அதுல ஜிம் வார்ட் இல்ல. அந்த ஆல்பம் ஏன் ஒட்டலன்னு பல பேர் பல காரணம் சொல்லுதாங்க. எனக்கு இந்த ஒரு காரணம் போதும்.

ஏப்ரல் 22

"வில்லுப்பாட்டையும் ராக்கையும் முடிச்சுப் போடாதீரும், ரெண்டுக்கும் சம்பந்தம் என்ன வே"ன்னு பாளையங்கோட்டை அண்ணாச்சி ஒருத்தர் சொல்லியிருக்காவ. சம்பந்தம் இல்ல அண்ணாச்சி. நான் ரெண்டையும் ஒரே ஆம்ப்ல கேக்கேன், அவ்வளவுதான்.

ஏப்ரல் 27, ராத்திரி

இப்ப அஞ்சாவது பாட்டுக்கு வருதேன். இன்வாலிட் லிட்டர் டிபார்ட்மெண்ட்.

எல் பாஸோவ புரிஞ்சுக்க நமக்குக் கஷ்டமில்ல. நம்ம திருநெல்வேலியில தாமிரபரணி மேல சுலோச்சன முதலியார் பாலம் 1843ல கட்டுனது, அத தாண்டினா பாளையங்கோட்டை. எல் பாஸோவுலயும் ஆத்துக்கு மேல பாலம். தாண்டினா ஹுவாரெஸ். ஆனா அது வேற தேசம், மெக்சிகோ. அமெரிக்காவுக்குப் பொருள் செஞ்சு அனுப்புத தொழிற்சாலைங்க அங்க ஏராளம், வேலைக்குப் போறதுல நிறைய சின்ன வயசுப் பொண்ணுங்க. 1993ல இருந்து அந்தப் பொண்ணுங்க வரிசையா காணாமப் போக ஆரம்பிச்சாங்க. உடம்பு பாலைவனத்துலயும் பொட்டல்லயும் கிடைச்சுது. விசாரணை சொல்லும்படியா இல்ல. அந்தப் பாட்டு அதப் பத்தினது.

பாட்டோட கட்டு இப்படி: செட்ரிக் பாடாம, தாளத்துக்கு மேல ஒரே ஓட்டமா பேசிக்கிட்டே போவாரு. பேசி முடிச்சதும் எல்லாரும் பாட்டுக்கு ஏறுவாங்க. மறுபடி பேச்சு, மறுபடி பாட்டு. அண்ணாச்சி கோவிச்சுக்கப்பிடாது, இது வில்லுப்பாட்டுக் கட்டு. இந்த ஆல்பத்துல சத்தம் தாழுத இடம் இங்க கொஞ்சம் உண்டு, அதான் அடுத்து ஏறும்போது முதுகுல முள்ளு நிக்கி. அந்த நசுக்குன மிக்ஸாலயும் இத முழுசா கெடுக்க முடியல.

நம்ம கொடை தெய்வங்கள்ல பாதி பேர் அநியாயமா செத்த மனுசங்க. எங்க ஊர் அம்மனே ஒரு கொலையுண்ட பொண்ணுதான். முத்துப்பட்டன் கதையில பட்டன் மாட்டுத் திருடங்களோட மோதிச் செத்தான், பொம்மக்காவும் திம்மக்காவும் அவனோட தீயில இறங்குனாங்க. காரையாறு சொரிமுத்தையன் கோயில்ல இன்னிக்கும் அவனுக்கு செருப்புக் காணிக்கை போடுதாங்க. வில்லு பாடுதவன் அந்த ரெண்டு பொண்ணு பேரையும் விடாம சொல்லுவான், அப்பன் யாரு, எந்தக் காடு, எந்த வழியா வந்தாங்கன்னு எல்லாம். பேரச் சொன்னாத்தான் கதை.

இந்தப் பாட்டுல ஒரு பேர் கூட இல்ல. ஒரு பொண்ணு பேரும் இல்ல. செட்ரிக்கோட எல்லாப் பாட்டு மாதிரியே இதுவும் கிழிச்சு ஒட்டின பேப்பர் மாதிரி வார்த்தைங்க. உலகத்துல யாரும் கவனிக்காத கொலைய ஊருக்குச் சொல்ல வந்தவன், கண்ணைக் கட்டிக்கிட்டு சொன்ன மாதிரி இருக்கு. ஆல்பத்தோட பெரிய பலவீனம் மிக்ஸ் இல்ல, இதுதான்னு இப்பத் தோணுது.

ஏப்ரல் 28

ராத்திரி எழுதினத காலையில படிச்சா கொஞ்சம் ஓவரா இருக்கு.

பொம்மக்கா திம்மக்கா பேர சொல்ல நமக்கு எவ்வளவு காலம் ஆயிருக்கும்? 2000ல அந்தப் பொண்ணுங்களோட அம்மாமாருங்க இன்னும் போட்டோவ வச்சுக்கிட்டு தேடிக்கிட்டு இருந்தாங்க. அக்கரையில இருக்க ஒரு கிதார் கோஷ்டி அந்தப் பேர மைக்ல கத்துனா, நாமளே "செத்த வீட்டுலயும் பேர் வாங்கப் பாக்கான்"னு சொல்லியிருப்போம். எங்க அம்மா பீடித்தட்டு மடியில வச்சுக்கிட்டே நேத்து இத கேட்டுட்டு, "யாரு பெத்த பிள்ளைவளோ"ன்னா. அர்த்தம் ஒன்னும் விளங்காமதான் கேட்டா. நான் சொன்ன பிறவு அவ்வளவுதான் சொன்னா, அடுத்த பீடிய சுத்தப் போயிட்டா.

அதனால நேத்து சொன்னதுல பாதிய வாபஸ் வாங்குதேன். எந்தப் பாதின்னு கேக்காத.

மே 1

பாட்டு வரி இருக்க சின்னப் புஸ்தகத்தோட ஒரிஜினல் சிடி என்கிட்ட இருந்துது, சார்ஜா போன மச்சான் 2009ல வாங்கிட்டு வந்தது. போன டிசம்பர் 17, 18 மழையில ஆறு சிந்துபூந்துறைக்குள்ள வந்தப்ப எங்க தார்சாவுல இடுப்பளவு தண்ணி. மாமாவோட ரெண்டு ஆம்ப், பழைய கேசட் பெட்டி, இந்த சிடி எல்லாம் சகதியில. இன்னிக்கு மே தின லீவுன்னு அந்தப் புஸ்தகத்த வெயில்ல வச்சு பிரிக்கப் பாத்தேன். பக்கம் பக்கமா ஒட்டி, ஒரு பக்கத்து எழுத்து அடுத்த பக்கத்துல ஏறி, மூணு பாட்டு வரி ஒன்னுக்குமேல ஒன்னா கிடக்கு.

படிச்சுப் பாத்தேன். பழையதுக்கும் இதுக்கும் பெருசா வித்தியாசம் தெரியல.

மே 1, கொஞ்சம் கழிச்சு

சிரிக்கதுக்காக சொன்னேன், வரி எல்லாம் குப்பைன்னு எடுத்துக்காதீங்க. வாய்க்குள்ள அந்த வார்த்தைங்க கடகடன்னு விழுத ஓசை இருக்கே, அதுக்காகவே எழுதினது. பொருள் தேடி போனா வெறுங்கையோட வருவோம்.

இடையில, இந்த ஆல்பத்துல வார இக்கி பாப் அந்தப் பெரிய ராக் பாடகர்தானான்னு ஒருத்தர் கேட்டிருந்தாங்க. ஆமா, அவரேதான். என்ஃபிலேட் பாட்டுத் தொடக்கத்துல போன்ல மிரட்டுத குரல் அவருது, ரோலடெக்ஸ் புரொபகாண்டாவுல கூடப் பாடவும் செஞ்சிருக்காரு. அவ்வளவு பெரிய ஆள கூப்பிட்டு வந்து பந்தியில தண்ணி ஊத்தச் சொன்ன மாதிரி. ஆல்பத்தோட நடுப்பகுதி எனக்கு எப்பவும் தொய்வு. மேனெக்கின் ரிபப்ளிக்ல இருந்து ரோலடெக்ஸ் வரைக்கும் கவனம் கலையும். குவாரண்டைன்ட் வந்துதான் எழுப்பி விடும், ஏன்னா அது பைய ஆரம்பிக்கும்.

மே 3

"இந்த மாதிரி பாட்டு கேட்டா பயலுவ ஒருத்தன் மேல ஒருத்தன் விழுந்து சாவான்"னு அண்ணாச்சி. இதுக்கு மட்டும் பதில் சொல்லிருதேன். 2001 ஜனவரி 26, சிட்னியில பெரிய திருவிழாக் கச்சேரி. கூட்டம் இடிச்சுக்கிட்டு ஆடுதத நிறுத்தச் சொல்லி செட்ரிக் கேட்டாரு. கேக்கல. ஆடு மாதிரி கத்திக் காட்டிட்டு மூணே பாட்டோட மேடைய விட்டு இறங்கிட்டாங்க. அன்னிக்கே அங்கயே இன்னொரு பேண்டு வாசிக்கும்போது ஒரு பள்ளிக்கூடத்து வயசுப் பொண்ணு நெரிசல்ல சிக்கி, சில நாள் கழிச்சு செத்துப்போச்சு. இவ்வளவு முரட்டுப் பாட்டு பாடுதவங்க முரட்டுத்தனம் வேண்டாம்னாங்க. ஆல்பத்தோட பலம்ல இதையும் சேப்பேன், பாட்டுக்கு வெளிய நடந்ததுனாலும்.

நம்ம கொடையில சாமியாடிக்கு வட்டம் விட்டு நிப்பாங்கன்னு பெருமையா எழுத வந்தேன். வெட்டுக்குத்துல முடிஞ்ச கொடையும் ஞாபகம் வந்துது. அழிச்சிட்டேன்.

மே 8, மத்தியானம்

கண்ணு எரியுது, ஆனா தூங்குததுக்கு முன்னாடி எழுதிருதேன்.

நேத்து கொடை. வில்லுக்கு மூணு மைக். அண்ணாவிக்கு ஒன்னு, இடத்துக்கு ஒன்னு, குடத்துக்கு ஒன்னு. குடத்து மைக்க நான் கிட்டக்க வச்சேன், மட்டையால வாயில அடிக்கும்போது அந்த பும்மு நல்லா ஏறட்டும்னு. மாமா வந்து ஒரு முழம் தள்ளி வச்சாவ. "குடம் தூரத்துல இருந்து வரணும்லே. பக்கத்துல வந்தா பானைச் சத்தம்." முப்பது வருசமா ரேடியோ செட்டு போடுதவரு. ஆண்டி வாலஸுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்.

பத்து மணிக்கு ரெண்டு போலீஸ்காரங்க வந்து குழாய நிறுத்தச் சொல்லிட்டுப் போனாங்க. ராத்திரி பத்துல இருந்து காலை ஆறு வரைக்கும் ஒலிபெருக்கி கூடாதுங்கற விதி, அதுவும் 2000ல வந்தது. ஆல்பத்துக்கும் விதிக்கும் ஒரே வயசு. குழாய நிறுத்தியாச்சு, கதை அம்மன் கொலைக்கு வார இடம். பாடுனது ஒரு அக்கா, நாப்பது நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். மைக்க தள்ளி வச்சாவ, நிறுத்தல. தூரத்துல நாற்காலியில இருந்தவங்க எந்திரிச்சு வந்து வில்லுக்கு முன்னால தரையில உக்காந்தாங்க. பிள்ளைங்க சத்தத்த யாரோ அமத்துனாங்க. அந்த அக்கா குரல தாழ்த்தி தாழ்த்தி, கடைசியில பேச்சு மாதிரியே ஆக்கி, அந்தப் பொண்ணு பேர சொன்னாவ. வில்லுமணி ஒருதரம் மட்டும். அப்புறம் குடம்.

சாமியாடி எனக்கு ரெண்டு கை தூரத்துல நின்னாரு. அவரு கால் விரல் முதல்ல மண்ண கிண்டுனதப் பாத்தேன்.

விடியக்காலம் வயர் சுத்தும்போது செல்போன்லயே, சத்தம் கொறைச்சு அஞ்சாவது பாட்டப் போட்டேன். மாமா கேட்டுக்கிட்டே சுத்துனாவ.

"இவன் யாரலே பாடுதான்?"

சொன்னேன்.

"பேர் சொல்லுதானா?"

"இல்ல மாமா."

மாமா ஒன்னும் சொல்லல. கொஞ்ச நேரம் கழிச்சு, "சொல்லத் தெரியாம இருந்திருக்கும்"னாவ. "ஆனா நடுவுல தாழ்த்துதான் பாரு, அது சரி."

மே 9

ஒரு பாக்கி. கடைசிப் பாட்டு நான்-ஜீரோ பாசிபிலிட்டிய "ஆல்பத்தோட வால்"னு ஒருத்தருக்கு தனியா எழுதியிருந்தேன். அந்தப் பியானோ, அந்த மெதுவான இழுவை, எல்லாம் ஓஞ்ச பிறவு ஒட்டவச்சது மாதிரின்னு. நேத்து சாயங்காலம் அம்பாசமுத்திரத்துக்கு ஆம்ப திருப்பிக் குடுக்கப் போகையில பஸ்ல கேட்டேன். கல்லிடைக்குறிச்சி தாண்டி வயல் காத்து உள்ள வருது, பக்கத்துச் சீட்டு ஆள் தூக்கத்துல என் தோள்ல சாஞ்சிட்டாரு. வால் இல்ல. வாபஸ்.

தம்பி, நீ நாலாவது தடவை கேக்கப் போறேன்னு எழுதியிருக்க. முதல்ல இருந்து போடாத. அஞ்சு, ஒன்பது, பதினொன்னு, இந்த மூணு மட்டும் முதல்ல. சத்தத்த பாதிக்குக் கீழ வை. ஒரு வாரம் கழிச்சு ஆர்க்கார்சனல். வீட்டுல ஆச்சி இருந்தா முன்னாடியே சொல்லிரு.